மோதிரத்திற்கு ஒரு கல்

எங்கள் மகனுக்குப் பெண் பார்த்து, இரு வீட்டாரும் மனமொத்து, மோதிரம் மாற்றும் நாளையும் குறித்துவிட்ட பிறகு எங்கள் வீட்டில் எழுந்த முதல் விவாதம், பந்தலைப் பற்றியதோ விருந்தைப் பற்றியதோ அன்று. மணப்பெண்ணின் விரலில் அணிவிக்கும் மோதிரத்தில் எந்தக் கல்லைப் பதிப்பது என்பதே அது.

1992ஆம் ஆண்டு எங்கள் இருவருக்கும் திருமணம் நடந்தபோது இப்படியொரு கேள்விக்கே இடமிருக்கவில்லை. அரைப் பவுனில் ஒரு மோதிரம், அதன்மேல் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகள் வைரம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் மகனும் அதைத்தான் கேட்பான் என்று எண்ணியிருந்தோம். அவனோ, "வைரம் வேண்டாம், அவளுக்கு நீலம் பிடிக்கும், நீலக்கல் வாங்குங்கள்" என்றான். 1981ஆம் ஆண்டு இங்கிலாந்து இளவரசர் சார்லஸ், டயானாவுக்கு அணிவித்தது இலங்கை நீலக்கல் மோதிரமாம். அதே மோதிரம் 2010ஆம் ஆண்டு அவர்களுடைய மூத்த மகனின் நிச்சயத்துக்கும் பயன்பட்டதாம். இதையெல்லாம் அவன் அறிந்து வைத்திருந்தான். எங்களுக்கோ இளவரசியைவிட அன்னை மரியாளின் மேலாடை நினைவுக்கு வந்தது. காரணம் எதுவாயினும் நிறம் ஒன்றாயிற்று.

எங்கள் பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுறும் வேளையில், 1965 டிசம்பர் 6ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் பவுல் சங்கத்தில் பங்கேற்ற ஆயர்களுக்குக் கல் எதுவுமில்லாத எளிய பொன் மோதிரங்களையே வழங்கினார் என்று நினைவூட்டினார். அதுவரை ஆயர்களின் மோதிரம் என்றாலே செவ்வந்திக்கல் பதித்ததாகத்தான் பெரும்பாலும் இருந்ததாம். திருமண ஒப்பந்தம் திருவருட்சாதனமும் அன்று. திருமணத்தை நடத்தியே தீரவேண்டும் என்று அதைக் கொண்டு வழக்காடவும் முடியாது என்று திருச்சபைச் சட்டம் 1062 கூறுகிறது. இதெல்லாம் எங்களுக்குப் புரிந்தது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் போடும் மோதிரத்தை ஊர் உற்றுப் பார்க்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கல் வாங்குவது என்றே முடிவு செய்தோம்.

நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே தாதுப்பொருளின் இரு பிறவிகள். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அந்தப் பொருளில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உடையது. அதை உலகம் முழுவதும் கொரண்டம் என்று அழைக்கிறார்கள். அது நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று அறிந்தபோது, ஏதோ நம் வீட்டுப் பொருளைத்தான் வாங்கப் போகிறோம் என்று சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. சந்தைக்கு வரும் நீலக்கற்களில் மிகப் பெரும்பாலானவை சூளையில் மிகுந்த வெப்பத்தில் சூடேற்றப்பட்டவை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். பால் கலந்தாற்போல் மங்கிக் கிடந்த இலங்கைக் கற்களை இப்படிச் சூடேற்றி நல்ல நீலமாக்கும் வித்தை 1970களில் தாய்லாந்தில் பரவியதாம். சூடேற்றுவது குற்றமன்று, சூடேற்றியதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். இவ்வளவு பாடமும் படித்துக்கொண்டுதான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இனிமையாகப் பேசினார். "சூடு காட்டாத இலங்கைக் கல்" என்றார். கண்ணாடிபோல் மாசற்று இருந்தது, ஆழ்ந்த நீலம். இரண்டு காரட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், இருவருடைய ஓராண்டுச் சேமிப்பில் பாதி, அரைக் கிராமுக்கும் குறைவான ஒரு பொருளாக மாறி எங்கள் கைக்குள் வந்தது. கடையின் பெயர் அச்சிட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். 'இயற்கை நீலக்கல்' என்று அதில் எழுதியிருந்தது. விற்பவரே தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று அது என்பது எங்களுக்கு ஏனோ உறைக்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தி கேட்டு வந்த எங்கள் அத்தை, "நீலமா? அது சனியோட கல்லு ஆச்சே! எல்லாருக்கும் ஒத்துவராது. மூணு ராத்திரி தலையணைக்கு அடியில வச்சுப் பாத்துட்டு அப்புறம் போடுங்க" என்றார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசகம் வாசிப்பவர் எங்களில் ஒருவர். மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர் மற்றவர். சோதிடத்தையும் தாயத்தையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எவ்வளவு தெளிவாக விலக்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எண்ணைச் சொல்லிக் கற்பித்தவர்கள் நாங்கள். அத்தையிடமும் அதையே சொன்னோம். அன்றிரவு அந்தக் கல் எங்கள் தலையணைக்கு அடியில்தான் இருந்தது! பாதுகாப்புக்காக வைத்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இருவருக்கும் உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை மகனின் வண்டிச் சக்கரம் காற்றிறங்கி நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, வாய் திறக்கவில்லை.

அந்த வாரத்திலேயே சம்பந்தியம்மா ஓலை விவரங்களைப் பேசுவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தையல் வேலை செய்து மகளைச் செவிலியர் படிப்புப் படிக்க வைத்தவர் என்பது மட்டுமே நாங்கள் அறிந்திருந்தது. கல்லை அவருக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முதலில் தயங்கினோம். விலையை ஒட்டிய பேச்சு வந்தால் அவர் மனம் சங்கடப்படுமே என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். எங்கள் கை தாராளத்தை அவர் பார்க்கட்டுமே என்ற ஆசையும் உள்ளுக்குள் இல்லாமலில்லை. கடைசியில் ஆசையே வென்றது.

அவர் கல்லைக் கையில் வாங்கிய விதமே வேறாக இருந்தது. நாங்கள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். அவர் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே இடுப்பைப் பிடித்து, கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து சன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து, "அண்ணி, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார். வெயிலில் வந்தவருக்குத் தாகம் என்று பானைத் தண்ணீரை மொண்டு கொண்டுவந்து கொடுத்தோம். "கண்ணாடி டம்ளர் இருக்குங்களா?" என்றார். அதிலும் கொடுத்தோம். அவர் அதை வெள்ளைத் தாள் ஒன்றின்மேல் வைத்து, பொறுமையாகக் கல்லை உள்ளே போட்டார்!

ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் மெதுவாக, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உள்ளே கோடு வளைஞ்சு ஓடுது பாருங்க. இது உருக்கி எடுத்த கல்லு" என்றார்.

நாங்களும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தாளைச் சற்று நகர்த்தியபோது, நீல நிறம் ஒரே சீராக இல்லாமல், பழைய கிராமபோன் தட்டின் கோடுகளைப் போல மெல்லிய வளைவுகளாக அடுக்கடுக்காக இருப்பது தெரிந்தது. பிறகு படித்து அறிந்துகொண்டோம்: 1902ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வெர்னுய் என்ற வேதியியலார் வெளியிட்ட முறை அது. அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடர் வழியே உதிர விட, அது உருகிச் சொட்டுச் சொட்டாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பேரிக்காய் வடிவில் ஒரு கட்டியாக வளரும். வளர்ந்த படியே வளைந்த வரிகள் உள்ளே நின்றுவிடும். பூமியில் விளைந்த கல்லில் வரிகள் நேர்க்கோடாகவும் கோணம் மடங்கியும் இருக்குமே தவிர, இப்படி வளையா. அதுவும் குருந்தம்தான், அதே கடினம்தான், அதே நிறம்தான். ஆனால் அதன் விலை, நாங்கள் கொடுத்ததில் ஒரு தூசுக்குச் சமம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தம் வலக்கையை நீட்டினார். சுட்டு விரலின் நுனியும் கட்டை விரலின் நுனியும் சற்றுத் தேய்ந்து தட்டையாக இருந்தன. ஊசி பிடித்த கை என்று இத்தனை நாளும் நாங்கள் நினைத்திருந்த கை அது.

1986ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், அவர் பட்டறையில் உட்கார்ந்தாராம். பாட்டியின் வைத்தியத்துக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். குச்சியின் நுனியில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்ட வேண்டும். வைரப்பொடி பூசிய தட்டு சுழலும். அதன்மேல் கல்லைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு வட்டக் கல்லுக்கு 57 பட்டைகள். மேலே 33, கீழே 24. ஒன்று சாய்ந்தாலும் கூலி பிடிப்பார்கள். அமெரிக்கன் டைமண்டு என்று நாம் சொல்லும் கல்லே மிகுதி. நடுநடுவே இப்படி உருக்கி எடுத்த சிவப்பும் நீலமும் வரும். அந்தக் கட்டிகளை அறுத்து எண்ணற்ற கற்களைத் தீட்டியதால்தான் வளைந்த கோடு அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. கூலியில் முன்பணம் கழிந்ததாகவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கூடிக்கொண்டே போயிற்று. 1998ஆம் ஆண்டு அவருடைய திருமணத்துக்கு வந்த மொய்ப்பணத்தில்தான் மீதிக் கடன் அடைந்ததாம்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ஆம் ஆண்டு. அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்ததும் அவர் பட்டறையில் உட்கார்ந்ததும் ஒரே ஆண்டு. 1996ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மனித உரிமை அமைப்பு ஒன்று இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் செயற்கைக் கல் தொழிலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் திருச்சியின் பெயர் இருக்கிறது. அந்த ஆண்டுகளிலெல்லாம் நாங்கள் திருச்சியில்தான் இருந்தோம். பேருந்தில் போகையில் அந்த ஊர்களைக் கடந்தோம். சன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து தலை குனிந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துமிருக்கிறோம். 'கைத்தொழில் கற்கிறார்கள்' என்று எண்ணினோமோ, எதுவுமே எண்ணவில்லையோ, இப்போது நினைவில்லை.

எங்கள் திருமணத்துக்கு வாங்கிய ஏழு கல் தோட்டை எடுத்து வந்து அவரிடம் காட்டினோம். ஏன் காட்டினோம் என்று தெரியவில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க பக்கத்துக் கல்லுதான் அண்ணி. இந்த மாதிரி நிறையப் போட்டிருக்கோம். நல்லா உழைச்சிருக்கு" என்று திருப்பித் தந்தார். அவர் தோட்டைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று அன்றிரவு எங்களுக்குள் பேச்சு வந்தது.

நீலக்கல்லைச் சென்னைக்கு எடுத்துச் சென்று, விற்பனையோடு தொடர்பில்லாத பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்தோம். சம்பந்தியம்மா தண்ணீர் டம்ளரில் கண்டதையே அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அறிக்கையோடு கடைக்குப் போனதும், அங்கே நடந்த பேச்சும், பணம் மூன்று தவணையாகத் திரும்பி வந்ததும் தனிக் கதை. எழுதினால் கோபம்தான் மிஞ்சும். சனியின் கல் எங்கள் உறக்கத்தைக் கெடுத்த அந்த இரவை மட்டும் இருவரும் நினைத்து நினைத்துச் சிரித்தோம். உலையில் பிறந்த கல்லின்மீது சனிக்கு என்ன அதிகாரம்?

மோதிர நாளுக்கு ஆறு வாரங்களே இருந்தன. இந்த முறை ஒன்றில் உறுதியாக இருந்தோம். கல் எந்த மண்ணில் இருந்து வந்தது, யார் எடுத்தார், யார் தீட்டினார் என்று தெரியாத எதையும் வாங்குவதில்லை. விடுதலைப் பயண நூலில் ஆரோனின் மார்புப் பட்டையைப் பற்றிய பகுதியை நாங்கள் பலமுறை வாசித்திருக்கிறோம். நான்கு வரிசையில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தின் பெயர். கற்களின் பெயர்களில் தடுமாறாமல் வாசிப்பதே எங்கள் கவலையாக இருந்து வந்தது. இப்போது திரும்பப் படித்தபோதுதான், மூன்று அதிகாரங்கள் தள்ளி, பதிப்பதற்குரிய கற்களைச் செதுக்கும் திறமை பெற்றவன் என்று பெட்சலேல் என்பவனை ஆண்டவர் பெயர் சொல்லி அழைப்பது கண்ணில் பட்டது. தகப்பன் பெயரும் குலமும்கூட அங்கே இருக்கின்றன. மார்புப் பட்டையைச் சுமந்தவன் பெயர் மட்டுமன்று, கல்லைச் செதுக்கியவன் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

பெயர் தெரிந்த கல் வேண்டுமென்றால் எங்கே போவது? இரத்தினபுரிக்குப் போக நேரமில்லை. சம்பந்தியம்மாதான், "காங்கயம் பக்கம் காட்டுல கல்லு பொறுக்குவாங்க அண்ணே. எங்க பட்டறைக்கு அங்கிருந்து ஆளு வரும்" என்றார். ஒரு சனிக்கிழமை காலை மூவருமாகக் கரூர் வழியே பேருந்து ஏறினோம்.

காளைகளுக்குப் பெயர்போன காங்கயம், கற்களுக்கும் பெயர்போனது என்பது பலருக்குத் தெரியாது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல் தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. நீலக்கல், பெரில், சூதுபவளம், பளிங்கு ஆகியவை முழுமை பெற்றும் பெறாமலும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று போற்றும் ஊர் அதுவே என்பர். காங்கயத்துக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் பெரில் கல்லுக்காகக் கிணறு தோண்டினார். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமை அறிஞர் பிளினி, பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகின்றன என்று எழுதி வைத்தார். அதே மூச்சில், பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர் அறிந்திருக்கிறார்கள் என்றும் எழுதினார்! எங்கள் கடைக்காரரின் பரம்பரை அவ்வளவு பழமையானது. திருவெளிப்பாட்டில் வரும் புதிய எருசலேமின் பன்னிரண்டு அடிக்கற்களில் எட்டாவது இந்தப் பெரிலே. கிரேக்கத்தில் அதற்கு வழங்கும் பெயர், பிராகிருதத்தின் வேளுரியம் என்ற நம் நாட்டுச் சொல்லோடு உறவுடையது. பசுமையான பெரில் மரகதம் எனப்படும். கடல் நீலம் கொண்டது அக்வாமரின்.

சிறிய பட்டறை ஒன்றில், வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் தாள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதலில் காட்டியது சந்திரகாந்தக் கல். வெண்ணிலவு உள்ளே நகர்வது போன்ற அந்த ஒளியை விட்டு எங்களுக்குக் கண் எடுக்க மனமில்லை. சம்பந்தியம்மா தலையசைத்தார், மோதிரத்துக்கு அது மென்மையானது, நாளடைவில் கீறல் விழும் என்றார். பிறகு ஒரு பொட்டலத்தில் அக்வாமரின் கற்கள் சில வந்தன. அவற்றுள் ஒன்று விரல் நுனியளவு. சோழியைப் போல மழுங்கியிருந்தது. நீலத்தில் சிறிது பச்சை கலந்திருந்தது.

"தோண்டினதா, பொறுக்கினதா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். அனுமதியின்றி இரவில் குழி பறிப்பவர்களும் அந்தப் பக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். தொழிலாளி, அந்தக் கல்லைக் கொண்டுவந்த அம்மையாரையே ஆளனுப்பி வரவழைத்தார். அருகிலுள்ள ஊர், மானாவாரி நிலம். மழை பெய்த மறுநாள் களையெடுக்கப் போனபோது சாலில் மின்னியதாம். "பாட்டில் ஓடுன்னுதானுங்க நெனச்சேன், காலுல குத்தும்னு எடுத்தேன்" என்றார். விலையை அவரிடமே பேசி, அவர் கையிலேயே கொடுத்தோம். நீலக்கல்லுக்கு நாங்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மகிழ வேண்டிய அந்த நேரத்தில், 'இவ்வளவுதானா? உறவினர் என்ன சொல்வார்கள்?' என்ற எண்ணம் எழுந்ததையும் மறைப்பதற்கில்லை.

அப்போதுதான் எங்களுக்கு அந்த யோசனை தோன்றியது. மிக அழகிய யோசனை என்று இருவருமே நினைத்தோம். மகளின் மோதிரக் கல்லைத் தாயே தீட்டினால் என்ன? இதைவிடப் பொருத்தம் உண்டா? ஆர்வத்தோடு சொன்னோம். பட்டறைக்காரரும் தம் இடத்தை விட்டு எழுந்து நின்றார்.

சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. "இல்லீங்க அண்ணி" என்றார். "சாணையை விட்டு எந்திரிச்ச அன்னைக்கு, இனிமே எங்க வீட்டுல யாரும் அதுக்கு முன்னால உக்காரக் கூடாதுன்னு மாதா முன்னால சொல்லிட்டு வந்தேன். என் மகளோட மோதிரத்துக்கும் இல்ல."

நாங்கள் தலை குனிந்தோம். அவருடைய பன்னிரண்டு ஆண்டுத் துன்பத்தை எங்கள் வீட்டு விழாவுக்கு ஓர் அலங்காரமாக்கப் பார்த்தோம் என்பது அப்போது புரிந்தது. மன்னிப்புக் கேட்டோம். அவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பட்டறைக்காரரின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பகல் முழுவதும் அவர் சாணையைத் தொடவில்லை. ஆனால் ஒரு கணமும் கல்லை விட்டுக் கண்ணெடுக்கவுமில்லை. எந்தப் பக்கத்தை முகமாக வைப்பது என்பதில் இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். எடை குறையாமலிருக்க அடிப்பாகத்தை ஆழமின்றி விடலாம் என்றார் அவர். விட்டால் நடுவில் ஒளி நில்லாமல் சன்னல்போல் ஓட்டையாகத் தெரியும் என்றார் இவர். பச்சைச் சாயல் போகச் சற்றுச் சூடு காட்டட்டுமா என்று எங்களைக் கேட்டார்கள். சூடேற்றிய கல் கெட்டதன்று என்று அறிந்திருந்தும், எங்களுக்கு இனி எந்த உலையும் வேண்டாம் என்றிருந்தது. பச்சை இருக்கட்டும் என்றோம்.

பாதி தீட்டிய பிறகு, கல்லுக்குள் மிக மெல்லிய வெண்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசையில் இறங்குவது தெரிந்தது. தலைமயிரைவிட நுண்ணிய குழாய்கள் அவை. பெரில் கல் வளரும்போது உண்டாகுபவை. கல்லியலார் அவற்றுக்கு மழை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இன்னும் ஆழமாக அறுத்தால் நீக்கிவிடலாம். கல் பாதியாகும் என்றார் பட்டறைக்காரர். நாங்கள் சம்பந்தியம்மாவைப் பார்த்தோம். அவர் கல்லைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நேரா இருக்கு. வளையல. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பதினோரு காரட்டில் மூன்று காரட்டும் சிறிதும் மிஞ்சியது. பட்டறைக்காரர் தம் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று வியந்துகொண்டேதான் எழுதினார். களையெடுத்த அம்மையாரின் பெயரையும் அதன் கீழே எழுதச் சொன்னோம். திருச்சிக்குத் திரும்பி, பொற்கொல்லரிடம் கல்லை உயர்த்தாமல், விளிம்பு கட்டித் தாழ்வாகப் பதிக்கச் சொன்னோம். செவிலியர் பணியின்போது மோதிரம் அணிய முடியாது. அணியும் நாள்களிலாவது துணியில் சிக்காமல் இருக்கட்டும் என்பதற்காக.

குறித்த நாளில் பங்குத்தந்தை மோதிரங்களை மந்திரித்தார். அத்தை கல்லைப் பார்த்துவிட்டு, "என்ன, வெளுத்த நீலமா இருக்கு?" என்றார். சனிக்கு உரியதன்று என்று கேட்டபின் அவருக்கு நிம்மதி. உறவினர் இருவர் விலையை விசாரித்தார்கள், சொன்னோம், பேச்சு வேறு பக்கம் போயிற்று. பெயர்கள் எழுதிய தாள், திருமண ஓலையோடு சேர்த்து எங்கள் பெட்டியில் இருக்கிறது.

பந்தி முடிந்து இலை எடுக்கும் வேளையில், சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்து, குழல் விளக்கின் வெளிச்சத்தில் மோதிரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போனோம். உதடுகள் அசைந்தன, எண்ணிக்கொண்டிருந்தார்.

"அடியில ஒரு பட்டை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு அண்ணி" என்றார். "நமக்குத்தான் தெரியும்."